'பொம்பளை சீக்கு'ம் ஜலதோஷ மாத்திரையும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லீங்க. எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படிச்சுட்டு பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். யாருக்கும் மருந்து எழுதித் தர வரலை. யாரும் எழுதித் தராமலே மருந்து வாங்குற கூட்டத்தைத் திட்டத்தான் வந்திருக்கேன். தலைப்பைப் பார்த்துட்டு 'வேற மாதிரி' எதிர்பார்த்து உள்ளே வந்தவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம் :-)

மேட்டர் இதுதான். 2025 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., கொனோரியாவுக்கு ரெண்டு புது மருந்துகளை அனுமதித்தது. ஜோலிஃப்ளோடாசின், ஜெபோடிடாசின். ரெண்டும் ஊசி இல்லாம வாயால் சாப்பிடுற மருந்து. பல வருஷங்களுக்கு அப்புறம் இந்த நோய்க்குப் புது வகை மருந்து வந்திருக்கு. நல்ல செய்திதானே? ஆனா இதை நாலு பேர் இருக்கிற இடத்தில் சொல்லிப் பாருங்க. உடனே ஒருத்தர் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு ஆரம்பிப்பார்: "ஒழுக்கமா இருந்தா இதுக்கெல்லாம் மருந்தே தேவையில்லையே! தப்பு பண்றவனுக்கு எதுக்குக் கோடி கோடியா செலவு பண்ணி ஆராய்ச்சி?"

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில்.

நோய் பரவுறது ஒரு கணக்கு. மருந்து வேலை செய்யாம போறது இன்னொரு கணக்கு. ஒழுக்க சிகாமணிகள் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பி, 'அவனுங்க பாவம், அவனுங்க அனுபவிக்கட்டும்'னு ஃபைலை மூடிடறாங்க. கொனோரியா மருந்துக்கு மசியாம போனதில் ரெண்டு பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒண்ணு, சளி புடிச்சா ஆன்டிபயாட்டிக் வாங்கி முழுங்குற பழக்கம். ரெண்டாவது, இந்த நோய் வந்தா வெளியே சொல்லாம வாயை மூடிக்கிற பழக்கம். முதல் பழக்கம் ஒழுக்கமானவங்க வீட்டிலயும் தாராளமா இருக்கு. ரெண்டாவது பழக்கத்தை ஊட்டி வளர்த்ததே அவங்க வாய்தான்.

சும்மா சொன்னா நம்ப மாட்டீங்க. வரிசையா வர்றேன்.

*

முதல்ல கிருமியோட ஜாதகம். பேரு நைசீரியா கொனோரியே. 1879ல ஆல்பர்ட் நைசர்ங்கிற ஜெர்மன் டாக்டர் கண்டுபிடிச்சதால அவர் பேரையே வச்சுட்டாங்க (பாவம் மனுஷன், என்ன ஒரு பெருமை!). நம்ம ஊர்ல வெட்டை, மேகவெட்டைன்னு பழைய பேருங்க உண்டு. ஆம்பளைங்க தங்களுக்குள்ள சொல்லிக்கிற பேரு 'பொம்பளை சீக்கு'. இந்தப் பேரைப் பத்திக் கடைசியில பேசுவோம். ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப மருந்துகளுக்கு இந்தக் கிருமி வச்ச ஆப்புகளின் பட்டியல்:

1930களில் சல்ஃபா மருந்துகள் வந்தன. ஆஹா ஓஹோன்னு கொண்டாடினாங்க. 1940களின் நடுவிலேயே நிறைய இடத்தில் சல்ஃபா பல்பு வாங்கிடுச்சு.

1943ல பெனிசிலின். சல்ஃபாவுக்கு அடங்காத கேஸெல்லாம் இதுல அடங்கிச்சு. ஆரம்பத்தில் ஒண்ணு ரெண்டு லட்சம் யூனிட் போட்டாலே குணம். கிருமி மெதுவா பழகிக்கப் பழகிக்க டோஸை ஏத்திக்கிட்டே போனாங்க. 1970களில் அதே நோய்க்கு 48 லட்சம் யூனிட், அதுவும் கூடவே இன்னொரு மாத்திரையோட! 1976ல பெனிசிலினையே உடைச்சுப் போடுற என்சைமோட ஒரு கொனோரியா இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக் கண்டுபிடிக்கப்பட்டது. ஒண்ணு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தொடர்பு, இன்னொண்ணு கிழக்காசியாவிலிருந்து. ரெண்டு தனித்தனி டீம் ஒரே பக்-ஐ ஒரே நேரத்தில் எழுதின மாதிரி. அத்தோட பெனிசிலின் கதை முடிய ஆரம்பிச்சது.

ஸ்பெக்டினோமைசின் கதை இன்னும் வேடிக்கை. 1981ல கொரியாவில் இருந்த அமெரிக்க ராணுவம் இதை முதல் மருந்தா வச்சுக்கிச்சு. நாலே வருஷம். 1985ல நூத்துக்கு 8 பேருக்கு மேல குணமாகலை.

டெட்ராசைக்ளினும் 1980களில் அதே வழியில் போச்சு. அப்புறம் வந்தார் நம்ம எல்லாருக்கும் வேண்டப்பட்ட சிப்ராஃப்ளாக்ஸசின். பேதின்னா சிப்ரோ, காய்ச்சல்னா சிப்ரோ. 2007ல அமெரிக்காவின் சி.டி.சி. 'கொனோரியாவுக்கு இனிமே சிப்ரோ குடும்பத்து மருந்தே வேண்டாம்'னு கையைத் தூக்கிட்டாங்க.

அடுத்து செஃபிக்ஸிம். மாத்திரை, ஒரே வேளை, சுலபம். 2012ல அதுவும் அங்கே முதல் வரிசையிலிருந்து அவுட். மிச்சம் இருந்தது செஃப்ட்ரியாக்சோன் ஊசி, துணைக்கு அசித்ரோமைசின் மாத்திரை. 2020 டிசம்பரில் அசித்ரோமைசினையும் எடுத்துட்டாங்க. ஊசி மட்டும் பாக்கி.

அந்த ஊசியும் பத்திரமா இருக்கா? 2009லயே ஜப்பானில் கியோட்டோவில் ஒரு பெண்ணோட தொண்டையில் செஃப்ட்ரியாக்சோனுக்குப் பெரிய அளவில் மசியாத ரகம் கிடைச்சது. 2018ல இங்கிலாந்தில் ஒருத்தர். தென்கிழக்கு ஆசியாவில் தொத்திக்கிட்டது. செஃப்ட்ரியாக்சோனும் கேட்கலை, அசித்ரோமைசினுக்கோ உச்சக்கட்ட எதிர்ப்பு. கடைசியில் நரம்பு வழியா ஏத்துற எர்டாபெனம் போட்டுத்தான் ஆளைத் தேத்தினாங்க. ஐ.சி.யூ. நோயாளிகளுக்காகப் பொத்திப் பொத்தி வைக்கிற ஜாதி மருந்து அது. ஒரு காலத்தில் ஒரே ஊசியில் போன வெட்டை நோய்க்கு!

80 வருஷத்தில் ஒரு கிருமி நம்ம கிட்ட இருந்த மருந்துகளை ஒவ்வொண்ணா டிக் அடிச்சுக்கிட்டே வந்திருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ல மட்டும் உலகத்தில் புதுசா 8 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல இந்த நோய். 'எங்கேயோ நாலு பேர்' கதை இல்லைங்க இது.

*

சரி, கிருமி எப்படி இவ்வளவு சீக்கிரம் கத்துக்குது? இங்கதான் ஒழுக்க சிகாமணிகள் காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்கணும்.

எந்தக் கிருமிக் கூட்டத்திலும் மருந்தைக் கொஞ்சம் தாங்குறது ஒண்ணு ரெண்டு இருக்கும். மருந்து மத்ததைக் கொன்னுட்டா மிச்ச இடம் பூரா அதுங்களுக்குத்தான். இது பாடப்புத்தகத்தில் வர்ற கதை, சரியான டோஸ் கொடுத்தாலும் கொஞ்சம் கொஞ்சமா நடக்கும். அரைகுறையாக் கொடுத்தா வேகமா நடக்கும். ஆனா கொனோரியா கிட்ட இன்னொரு வித்தை இருக்கு. அக்கம்பக்கத்தில் கிடக்கிற மத்த கிருமிகளோட டி.என்.ஏ. துண்டை அப்படியே உறிஞ்சி தன் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கும். நம்ம பாஷையில் சொன்னா, பக்கத்து சீட்டுக்காரன் எழுதின கோடை காப்பி-பேஸ்ட் பண்ணி தன்னோட ப்ரொக்ராம்ல சேர்த்துக்கிறது. அதுவும் ஓடுற கோடு!

பக்கத்து சீட்டுக்காரன் யாரு? கொனோரியாவுக்கு சித்தப்பா பெரியப்பா முறை ஆகிற நைசீரியாக்கள். உங்க தொண்டையிலயும் என் தொண்டையிலயும் சாதுவா குடியிருக்கு. பெரியவங்க, சின்னப் பசங்க, சாமியாருங்கன்னு வித்தியாசமே கிடையாது. பொதுவா ஒரு தொந்தரவும் பண்ணாது. நீங்க சளிக்கு, தொண்டை வலிக்கு, ரெண்டு நாள் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் போடுறீங்க பாருங்க, அந்த மாத்திரை அடிக்கிற அடியெல்லாம் இந்த சாதுக்கள் மேலயும் விழுது. (சாதாரண ஜலதோஷத்துக்குக் காரணம் வைரஸ். வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒண்ணும் பண்ணாது. அப்ப அந்த மாத்திரை யாரைத்தான் அடிச்சதுன்னு நினைச்சீங்க?) அடி வாங்கி அடி வாங்கி அதுங்க தாங்கக் கத்துக்குது. எச்சில் வழியா ஆளுக்கு ஆள் போகுது. எங்கேயோ ஒருத்தரோட தொண்டையில் வாய்வழி உறவால் வந்த கொனோரியா உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் வலியோ எரிச்சலோ இருக்காது, அவருக்கே தெரியாது. அங்கே ரெண்டும் சந்திக்கும்போது கொனோரியா பாடத்தைச் சுட்டுக்குது.

இது என் கற்பனை இல்லை. செஃபிக்ஸிமையும் செஃப்ட்ரியாக்சோனையும் சமாளிக்கிற ரகங்களோட ஒரு முக்கியமான ஜீனைப் பிரிச்சுப் பார்த்தா, அது ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கு. அந்த ஒட்டுத் துணிகள் தொண்டையில் இருக்கிற சாது நைசீரியாக்களிலிருந்து வந்தவை. அசித்ரோமைசின் எதிர்ப்பிலும் இதே மாதிரி ஒட்டுவேலை உண்டு.

இப்ப இந்தியாவுக்கு வாங்க. 2019ல நம்ம நாட்டுத் தனியார் சந்தையில் வித்த ஆன்டிபயாட்டிக்குகளை ஆராய்ஞ்சு 2022ல ஒரு கட்டுரை வந்தது. அதில் முதலிடம் எது தெரியுமா? அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை. ரெண்டாவது இடம்? செஃபிக்ஸிம் 200 மில்லிகிராம்.

கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. 2000களின் பிற்பகுதியில் நம்ம தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு பால்வினை நோய்களுக்குக் கலர் கலரா மருந்து கிட் கொண்டு வந்தது. அதில் சாம்பல் கலர் கிட், சீழ் வடியறவங்களுக்கு, அதாவது கொனோரியாவுக்கும் அதோட சேர்ந்து வர்ற கிளமிடியாவுக்கும். உள்ளே இருந்தது ரெண்டே மருந்து. அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்ஸிம் 400 மில்லிகிராம்.

அதாவது வெட்டை நோய்க்குன்னு நாடு ஒதுக்கி வச்ச அதே ரெண்டு மருந்துதான் நாட்டில் அதிகமா வித்த ரெண்டு ஆன்டிபயாட்டிக். அவ்வளவும் வெட்டை நோய்க்கா வித்துச்சு? சளி, இருமல், தொண்டை, காய்ச்சல், 'எதுக்கும் இருக்கட்டும்'. கொரோனா வந்தப்ப அசித்ரோமைசினை என்ன பாடு படுத்தினோம்னு உங்களுக்கே தெரியும். 2020லயே இங்கிலாந்தில் நடந்த ரெக்கவரி ஆய்வு, ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அதால் பிரயோஜனம் இல்லைன்னு சொல்லிடுச்சு. நம்மாளுங்க கேட்டாங்களா? 2021 ரெண்டாவது அலையிலும் வாட்ஸப்பில் அந்த மாத்திரை லிஸ்ட்தான் சுத்திச்சு.

ஆக, "தப்பு பண்றவன் அனுபவிக்கட்டும்"னு சொல்ற அண்ணாச்சியோட மருந்து டப்பாவைத் திறந்து பாருங்க. மூணு அசித்ரோமைசின் ஸ்ட்ரிப்பில் ஒண்ணு மிச்சம் இருக்கும். 'அடுத்த தடவைக்கு ஆகும்'னு எடுத்து வச்சிருப்பார். ஏகபத்தினி விரதனா இருந்தாலும் சரி, கொனோரியாவுக்கு கோச்சிங் சென்டர் நடத்துறதில் அவருக்கும் ஷேர் உண்டு.

*

இப்ப ரெண்டாவது பழக்கம். வாயை மூடிக்கிறது.

நாலு பேர் சேர்ந்து வேளச்சேரியில் ஒரு வீட்டில் இருந்தப்ப நடந்தது. ஆளை அடையாளம் தெரியாத மாதிரி மாத்திதான் எழுதறேன். நம்மாளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகலை. மனைவி ஊரில் படிப்பை முடிச்சுக்கிட்டு இருந்தாங்க, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா இவன் ஊருக்குப் போவான். ஒரு நாள் ஒண்ணுக்குப் போனா எரியுது, சீழ் வருது. டாக்டர் கிட்ட போக வெட்கம். தெருமுனை மருந்துக்கடையில் "அண்ணே, யூரின்ல எரிச்சல்"னான். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கலை. ஸ்ட்ரிப்பைக் கத்தரியால் வெட்டி நாலு சிப்ரோ. சீட்டு கேட்கலை, பில்லும் இல்லை. கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துட்டு திரும்ப வந்தது. அடுத்த தடவை வேற கடை, ஏன்னா அந்தக் கடைக்காரர் என்ன நினைப்பாரோன்னு பயம். அங்கே மூணு அசித்ரோமைசின். இப்படியே ஒரு மாசத்துக்கு மேல ஓட்டினான். நடுவில் ரெண்டு தடவை ஊருக்கும் போயிட்டு வந்தான்.

கடைசியில் தாங்க முடியாம ஆஸ்பத்திரிக்குப் போய், டெஸ்ட் எடுத்து, ஊசி போட்டுக் குணமாச்சு. டாக்டர் ஒரே ஒரு விஷயம் கண்டிப்பா சொன்னார்: "மனைவியையும் கூட்டிட்டு வாங்க தம்பி. அவங்களுக்கும் பார்க்கணும்." இவன் சொன்ன பதில்: "அவளுக்கு ஒண்ணும் இல்ல சார், நல்லாத்தான் இருக்கா."

டாக்டர் சொன்னதைச் செய்டான்னு நானும் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். பெரிய சண்டையாச்சு. "என் குடும்பத்தைக் கெடுக்கப் பார்க்கறியா"ன்னான். அடுத்த மாசம் வீட்டையே மாத்திட்டுப் போயிட்டான்.

'நல்லாத்தான் இருக்கா.' இந்த ரெண்டு வார்த்தைதான் இந்த நோயோட மொத்த பிசினஸ் மாடல். ஆம்பளைக்குப் பெரும்பாலும் எரியும், சீழ் வரும், தெரிஞ்சுடும். பெண்களில் நிறைய பேருக்கு ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்சாலும் சாதாரண வெள்ளைப்படுதல்னு விட்டுடுவாங்க. கிருமி சத்தம் போடாம மேலே ஏறி கர்ப்பப்பை, கருக்குழாய்னு போகும். குழாயில் தழும்பு விழுந்து அடைச்சுக்கும். அப்புறம் குழந்தை நிக்காது, இல்லைன்னா குழாய்க்குள்ளயே கரு தங்கி உயிருக்கே ஆபத்தாகும். பிரசவத்தில் குழந்தையோட கண்ணில் தொத்தினா பார்வையே போகலாம்.

அப்புறம் நடக்கிறது உங்களுக்குத் தெரியும். "என்னம்மா, இன்னும் விசேஷம் இல்லையா?" கோயில், விரதம், அரசமரம். மாமியார் ஜாடைப் பேச்சு. குழந்தையில்லாததுக்கு ஆயிரம் காரணம் இருக்கு, எல்லாம் கொனோரியான்னு நான் சொல்லவே இல்லை. ஆனா கருக்குழாய் அடைப்புன்னு ரிப்போர்ட் வந்தா, 'குறை பொண்ணு கிட்டதான்'னு முடிச்சுடறோம். அந்த அடைப்பு எந்த வழியா வந்திருக்கும்னு எந்த வீட்டிலயாவது மாப்பிள்ளையைக் கேட்டதுண்டா?

இப்ப அந்தப் பேரை எடுங்க. பொம்பளை சீக்கு. ஆம்பளை வாங்கிட்டு வந்து, ஆம்பளை மறைச்சு, ஆம்பளை மட்டும் மாத்திரை போட்டுக்கிட்டு, மனைவிக்குச் சொல்லாம விட்ட நோய்க்குப் பேரு பொம்பளை சீக்கு! ஒழுக்கம் பேசறவங்க முதல்ல இந்தப் பேரைப் பத்தி ஒரு பதிவு போடுங்கய்யா.

வெட்கத்துக்கும் மருந்து எதிர்ப்புக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. சொல்றேன். வெட்கப்படறவன் டாக்டர் கிட்ட போக மாட்டான், கடைக்குப் போவான். கடையில் கிடைக்கிறது தப்பான மருந்து, இல்லைன்னா அரைகுறை டோஸ். கிருமி சாகாம பயிற்சி எடுக்கும். வெட்கப்படறவன் துணைக்குச் சொல்ல மாட்டான். பயிற்சி எடுத்த கிருமி அங்கே போய் உட்காரும், இவனுக்கே திரும்ப வரும், அடுத்த மாத்திரைக்குத் தயாராகும். வெட்கப்படறவன் டெஸ்டுக்கு சாம்பிள் தர மாட்டான். சாம்பிள் இல்லைன்னா எந்த ஊரில் எந்த மருந்து தோத்துக்கிட்டு இருக்குன்னு யாருக்கும் தெரியாது. எரர் லாக்கைப் பார்க்காம சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? அதேதான்.

இந்த லாக் எழுதற வேலை ஏற்கெனவே கஷ்டம். கொனோரியா லேபில் வளர்றதுக்கு ரொம்பப் பிகு பண்ணும். சாக்லேட் அகார்னு ஒரு சாப்பாடு வேணும் (சாக்லேட் எல்லாம் கிடையாது, சூடுபண்ணின ரத்தம், கலர் மட்டும் அப்படி). கார்பன்-டை-ஆக்சைடு வேணும். சாம்பிள் லேப் போய்ச் சேர லேட்டானா வழியிலேயே செத்துடும். இப்ப வர்ற பி.சி.ஆர். வகை டெஸ்ட் நோய் இருக்கா இல்லையான்னு டக்குனு சொல்லும். ஆனா எந்த மருந்து கேட்கும்னு முழுசா சொல்ல கல்ச்சர்தான் வேணும். அதனாலதான் லேப் வசதி இல்லாத நாடுகள் அறிகுறியை வச்சே மருந்து கொடுக்கிற முறைக்குப் போச்சு. நம்ம சாம்பல் கிட்டும் அந்த வழிதான். அதைக் குத்தம் சொல்லலை, இல்லாத ஊருக்கு அது எவ்வளவோ மேல். ஆனா அதில் ஓட்டைகள் உண்டு. அறிகுறியே இல்லாத பெண்ணும் தொண்டையில் ஒளிஞ்சிருக்கிற கிருமியும் அந்த வலையில் சிக்க மாட்டாங்க. மருந்து தோத்ததும் பதிவாகாது.

*

இதுக்கு வர்ற வழக்கமான எதிர்க் கேள்விகளுக்கு வர்றேன்.

"அதான் புது மருந்து வந்தாச்சே?" வந்தாச்சு, சந்தோஷம். ஆனா அது எப்படி வந்ததுன்னு பாருங்க. ஜோலிஃப்ளோடாசினோட கடைசிக் கட்ட சோதனையை முன்னின்று நடத்தினது கார்ட்பி-ங்கிற லாப நோக்கில்லாத அமைப்பு. 5 நாடுகளில் 930 பேர். ஒரே ஒரு டோஸில் தீர்ற மருந்தில், அதுவும் ஏழைங்க அதிகம் பயன்படுத்தப் போற மருந்தில், பெரிய லாபம் கிடையாது. அதனால் பெரிய கம்பெனிகள் இந்தப் பக்கம் வர்றது குறைஞ்சு போச்சு. அடுத்த மருந்து எப்ப வரும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. இன்னொண்ணு, இந்த ரெண்டு மருந்தும் தாக்குறது சிப்ரோ தாக்கின அதே என்சைம் குடும்பத்தைத்தான், ஆனா வேற இடத்தில், வேற விதமா. இப்ப வேலை செய்யுது. நாளைக்கு இதையும் தெருமுனையில் கத்தரியால் வெட்டி நாலு நாலா வித்தா, மேலே இருக்கிற பட்டியலில் இன்னும் ரெண்டு வரி சேரும், அவ்வளவுதான்.

"சட்டம் இல்லையா?" இருக்கே! 2014 மார்ச்சிலிருந்து எச்-1 பட்டியல் அமலில் இருக்கு. செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்சோன் ரெண்டும் அதில் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது. நோயாளி பேர், டாக்டர் பேர், எவ்வளவு வித்தோம்னு தனி நோட்டில் எழுதி 3 வருஷம் வச்சிருக்கணும். உங்க தெரு மருந்துக்கடையில் அந்த நோட்டை நீங்க கண்ணால் பார்த்திருக்கீங்களா? கடைக்காரரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. "சீட்டு இல்லாம தர மாட்டேன்"னு ஒரு கடைக்காரர் சொன்னா, "அப்ப எதிர்த்த கடைக்குப் போறேன்"னு சொல்றது நாமதானே.

"ஒழுக்கமா இருந்தா வராதே?" அந்த மனைவி ஒழுக்கமாத்தான் இருந்தாங்க. அவங்களுக்கு இதுக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க? கண்ணில் சீழோட பிறக்கிற குழந்தை கிட்ட என்ன ஒழுக்கக்கேட்டைக் கண்டுபிடிச்சீங்க? சரி, ஒரு பேச்சுக்கு ஒத்துக்கிறேன். ஊரே ஒழுங்கா இருக்கணும்னு ஆசைப்படுங்க, தப்பில்லை. ஆனா நீங்க உபதேசம் பண்ணப் பண்ண நோய் வந்தவன் இன்னும் ஆழமா ஒளிஞ்சுக்கறான். அவன் ஒளிஞ்சுக்கிட்டா கிருமிக்குத்தான் கொண்டாட்டம். எய்ட்ஸ் விஷயத்தில் இதே கதை நடந்தது. 1986ல சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுதான் இந்தியாவில் முதல்முதலா எச்.ஐ.வி. இருக்குன்னு கண்டுபிடிச்சது. அப்பவும் 'நம்ம கலாச்சாரத்தில் இதெல்லாம் வராது'ன்னு வசனம் பேசினவங்க உண்டு. அப்புறம் அதே தமிழ்நாட்டில் சுவருக்குச் சுவர் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?'ன்னு எழுதி, ஊரே கிண்டலடிச்சு, கிண்டலடிச்சாவது அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சது. பேசின பிறகுதான் ஜனங்க டெஸ்டுக்கு வந்தாங்க. வெட்டை நோய்க்கு ஒரு புள்ளிராஜா இன்னும் பொறக்கலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

*

சரி, திட்டி முடிச்சாச்சு. என்ன பண்ணலாம்?

சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக்கை நீங்களா வாங்காதீங்க. டாக்டர் எழுதித் தரலைன்னா "நல்ல மாத்திரையா எழுதுங்க டாக்டர்"னு நச்சரிக்காதீங்க. எழுதினா சொன்ன நாள் வரைக்கும் முழுசா சாப்பிடுங்க. மிச்சத்தைச் சேர்த்து வைக்கவும் வேண்டாம், பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு தானம் பண்ணவும் வேண்டாம்.

எரிச்சல், சீழ், சந்தேகம் எது இருந்தாலும் கடைக்குப் போகாம டாக்டர் கிட்ட போங்க. அரசு ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்க்குப் பார்க்கிறாங்க. சென்னை ஜி.ஹெச்.சில் இதுக்குன்னே தனித் துறை பல பத்து வருஷமா இருக்கு. அங்கே இருக்கிற டாக்டர்கள் உங்களை மாதிரி தினம் எத்தனையோ பேரைப் பார்க்கிறவங்க. உங்க கதை அவங்களுக்குப் புதுசும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. முன்னாடி சாப்பிட்ட மாத்திரையை மறைக்காம சொல்லுங்க. டெஸ்ட் எடுங்க. தொண்டையில் வந்திருந்தா சிகிச்சைக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு வாரத்தில் திரும்ப ஒரு டெஸ்ட் எடுத்துப் போயிடுச்சான்னு பாருங்க. நைட் பதினோரு மணிக்கு டி.வி.யில் வர்ற, லாட்ஜில் ரூம் போட்டு 'ரகசிய நோய்' பார்க்கிற வைத்தியர்கள் பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்க.

எல்லாத்துக்கும் மேல, துணைக்குச் சொல்லுங்க. சண்டை வரும். அழுகை வரும். வீடு ரெண்டாகுற மாதிரி இருக்கும். இருந்தாலும் சொல்லுங்க. அது அவங்க உடம்பு. உங்க மானத்தைக் காப்பாத்திக்கிறதுக்கு அவங்க கருக்குழாயை அடமானம் வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

உங்க நண்பன் யாராவது வந்து "மச்சான், ஒரு பிரச்சினை"ன்னு இழுத்தா, சிரிக்காதீங்க. 'எங்கடா போன?'ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி 'வா, டாக்டர் கிட்ட போகலாம்'னு சொல்லுங்க. ரெண்டாவது வாக்கியமா 'உன் மனைவியையும் கூட்டிட்டுப் போகணும்'னு சொல்லுங்க.

பி.கு: பின்னூட்டத்தில் வந்து ஒழுக்கம், கலாச்சாரம், மேற்கத்திய சீரழிவுன்னு கும்மியடிக்க ஆசைப்படறவங்க தாராளமா வரலாம். ஒரே ஒரு கண்டிஷன். கடைசியா உங்க வீட்டில் யாருக்காவது சளி புடிச்சப்ப என்ன மாத்திரை வாங்கினீங்க, யார் எழுதிக் கொடுத்தாங்க, ஸ்ட்ரிப்பில் எத்தனை மிச்சம் இருக்குன்னு முதல் வரியில் எழுதிடுங்க. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, வாங்கிக்கிறேன்.